ஜாடை சொல்லாததும் டி.என்.ஏ. சொல்வதும்

1945-ஆம் ஆண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றம் ஒன்றில் ஜூரிகளின் முன்னால் ஒரு சின்னக் குழந்தையைத் தூக்கிக் காட்டினார்கள். பக்கத்தில் சார்லி சாப்ளின். இரண்டு முகங்களையும் ஒப்பிட்டுப் பார்த்து, இவர்தான் தந்தையா என்று ஜூரிகள் முடிவு செய்ய வேண்டும். குழந்தையின் தாயான இளம் நடிகை ஒருவர் தொடுத்த வழக்கு அது.

அந்த வழக்கில் இரத்தப் பரிசோதனையும் நடந்திருந்தது. சாப்ளினின் இரத்தம் ஓ வகை. தாயுடையது ஏ வகை. குழந்தையுடையது பி வகை. பி வகையைத் தரும் மரபணு தாயிடம் இல்லை. அது தந்தையிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஓ வகைக்காரரான சாப்ளினிடமும் அது கிடையாது. அறிவியல்படி கதை அங்கேயே முடிந்துவிட்டது. ஆனாலும் ஜூரிகள் சாப்ளினையே தந்தை என்று தீர்ப்பளித்தார்கள். அக்காலத்துக் கலிஃபோர்னியச் சட்டத்தில் இரத்தப் பரிசோதனை பல சாட்சியங்களுள் ஒன்று மட்டுமே; அதை ஏற்பதும் தள்ளுவதும் ஜூரிகளின் விருப்பம். சாப்ளின் பல ஆண்டுகள் பராமரிப்புச் செலவைக் கட்டினார். பிறகுதான் அந்தச் சட்டம் மாறியது.

முகத்தை வைத்துத் தந்தையைச் சொல்லும் பழக்கம் நம்மிடமும் ஆழமாக ஊறியிருக்கிறது. பிள்ளை பிறந்த அன்றே ஜாடை பார்க்கத் தொடங்கிவிடுவோம். மூக்கு அப்பா, நெற்றி அப்பத்தா, காது மாமா என்று பங்கு பிரிப்பதில் ஒரு குடும்பத்தின் மகிழ்ச்சி இருக்கிறது. அதே பார்வையில் சந்தேகம் கலந்துவிட்டால் அது கொடுமையாகிவிடும். "யார் ஜாடையும் இல்லையே" என்று யாரோ சொன்ன ஒரு வார்த்தை எத்தனையோ பெண்களின் வாழ்க்கையை உள்ளிருந்து அரித்திருக்கிறது. முகத்தின் வடிவத்தையும் தோலின் நிறத்தையும் பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன. கறுத்த பெற்றோருக்குச் சிவந்த பிள்ளை பிறப்பதும், இரண்டு தலைமுறைக்கு முந்தைய ஒரு தாடை திடீரென்று திரும்பி வருவதும் மிகச் சாதாரணம். ஜாடை எதற்கும் ஆதாரம் ஆகாது. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

இரத்த வகை ஜாடையைவிட எவ்வளவோ மேல். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. அதைக் கொண்டு "இவர் தந்தை இல்லை" என்று சில வேளைகளில் சொல்ல முடியும்; "இவர்தான் தந்தை" என்று ஒருபோதும் சொல்ல முடியாது. குழந்தையும் பி வகை, அந்த ஆணும் பி வகை என்றால் என்ன தெரிகிறது? இந்தியாவில் கோடிக்கணக்கான ஆண்கள் பி வகைதான்.

"இவர்தான்" என்று சொல்லும் வழி 1984 செப்டம்பர் 10 அன்று காலையில் பிறந்தது. இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெஃப்ரிஸ் ஓர் எக்ஸ்ரே படலத்தைக் கழுவி எடுத்துப் பார்த்தார். தன் ஆய்வகத்தில் வேலை செய்த ஒரு பெண், அவருடைய தாய், தந்தை ஆகியோரின் டி.என்.ஏ.வும் அதில் இருந்தது. ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் கோட்டு வரிசை. மகளின் கோடுகள் ஒவ்வொன்றும் தாயிடமோ தந்தையிடமோ இருந்தன. ஆளை அடையாளம் காணவும் உறவை நிறுவவும் ஒரே கருவி கிடைத்துவிட்டது என்பது சில நிமிடங்களிலேயே அவருக்குப் புரிந்துபோயிற்று. அதன் முதல் பயன்பாடு கொலை வழக்கில் அல்ல, ஒரு குடும்ப வழக்கில்தான். கானாவிலிருந்து திரும்பிய ஒரு சிறுவனை, அவன் இந்தத் தாயின் மகன்தானா என்று ஐயப்பட்டு, பிரிட்டனின் குடியேற்ற அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள். 1985-இல் ஜெஃப்ரிஸின் சோதனை அவனைத் தாயோடு சேர்த்து வைத்தது.

இந்தியாவுக்கு இந்தக் கலை வந்த வழி இன்னும் சுவையானது. லால்ஜி சிங் என்ற அறிவியலாளர் பாம்புகளில் ஆண், பெண் வேறுபாடு எப்படி உண்டாகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். மஞ்சளும் கறுப்பும் பட்டை பட்டையாக இருக்கும் கட்டுவிரியன் இனத்தின் டி.என்.ஏ.விலிருந்து அவர் பிரித்தெடுத்த ஒரு துண்டு, மனித டி.என்.ஏ.வில் ஆளுக்கு ஆள் மாறும் இடங்களையும் காட்டிக்கொடுத்தது. ஹைதராபாத்தின் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் அதைக் கொண்டே அவர் நம் நாட்டுக்கான சோதனை முறையை உருவாக்கினார். 1980-களின் இறுதியில் கேரளத்தின் தலச்சேரியில் ஒரு தாய் தன் குழந்தையின் தந்தை இன்னார் என்று கூறித் தொடுத்த வழக்கில் அந்தச் சோதனை சாட்சியமாக ஏற்கப்பட்டது. இந்திய நீதிமன்றங்களில் டி.என்.ஏ. நுழைந்த கதை அங்கே தொடங்குகிறது.

இன்று செய்யப்படும் சோதனை ஜெஃப்ரிஸ், லால்ஜி சிங் இருவரின் முறைகளிலிருந்தும் மாறிவிட்டது. அடிப்படை மட்டும் அதேதான். நம் ஒவ்வொருவருக்கும் 46 குரோமோசோம்கள்; பாதி தாய் தந்தது, பாதி தந்தை தந்தது. ஒரு பாதியில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள். ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்துகளால் ஆன நீண்ட வரிசை. எந்த இரு மனிதரை எடுத்தாலும் இந்த வரிசை பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபடும் இடங்களைத்தான் சோதனை தேடிப் போகிறது. சில இடங்களில் நான்கு எழுத்துகள் கொண்ட ஒரு சிறு துண்டு திரும்பத் திரும்ப வரும். ஒரே மாதிரிப் பெட்டிகளைக் கோத்த ரயில் போல. ஒருவருக்கு அந்த இடத்தில் 6 பெட்டி, இன்னொருவருக்கு 9 பெட்டி. பெட்டியின் வடிவம் எல்லோருக்கும் ஒன்றுதான், எண்ணிக்கைதான் வேறு. தாயிடமிருந்து ஒரு வண்டி, தந்தையிடமிருந்து ஒரு வண்டி என்று ஒவ்வோர் இடத்திலும் நம்மிடம் இரண்டு எண்கள் இருக்கும்.

11-ஆம் குரோமோசோமில் டிஎச்01 என்று பெயரிடப்பட்ட ஓர் இடம் இருக்கிறது. அங்கே தாய்க்கு 6, 9 என்றும், குழந்தைக்கு 7, 9 என்றும் வந்ததாக வைத்துக்கொள்வோம். குழந்தையின் 9 தாய் தந்தது. அப்படியானால் 7 தந்தை தந்ததாகத்தான் இருக்க வேண்டும். சோதனைக்கு வந்த ஆணுக்கு 7, 8 என்று இருந்தால் அவர் தந்தையாக இருக்கலாம். 6, 8 என்று இருந்தால் இந்த இடத்தில் அவர் பொருந்தவில்லை. இதே கேள்வியை ஆய்வகம் வெவ்வேறு குரோமோசோம்களில் இருக்கும் 15 முதல் 20-க்கும் மேற்பட்ட இடங்களில் கேட்கிறது. சோதனையின் சாரம் இவ்வளவே.

தாயின் மாதிரியும் வேண்டும் என்று ஆய்வகங்கள் கேட்பதன் காரணமும் இதில் தெரிந்துவிடும். தாயின் பங்கு எது என்று தெரிந்தால்தான் மீதியைத் தந்தையின் பங்கு என்று உறுதியாகப் பிரிக்க முடியும். தாய் இல்லாமலும் சோதிக்கலாம். அப்போது ஒவ்வோர் இடமும் தரும் தகவல் குறையும். கூடுதல் இடங்களைப் பார்க்க வேண்டிவரும். தாய் உயிரோடு இருந்து, ஒப்புதலும் தந்தால், அவரையும் சேர்த்துச் செய்வதே சரி.

இன்னொரு விஷயம். இந்த எண்களில் நோயோ குணமோ நிறமோ சாதியோ எதுவும் எழுதப்படவில்லை. சோதிக்கப்படும் இடங்கள் புரதங்களை உருவாக்கும் பகுதிகளுக்கு வெளியே இருப்பவை. வழக்கமான சோதனை அறிக்கையில் ஒருவரின் உடல்நலத்தைப் பற்றிய செய்தி எதுவும் இருக்காது.

மாதிரி எடுப்பதில் வலி இல்லை. நீண்ட பஞ்சுக் குச்சியால் கன்னத்தின் உட்புறத்தை அரை நிமிடம் அழுத்தித் தேய்ப்பார்கள். எச்சிலைவிட, அதோடு உரிந்து வரும் கன்னத்துச் செல்கள்தான் முக்கியம். அதற்கு முன் அரை மணி நேரமாவது எதையும் தின்னக் கூடாது, குடிக்கக் கூடாது, வெற்றிலை, புகையிலை போடக் கூடாது. கைக்குழந்தைக்கும் இதே முறைதான். பால் குடித்த உடனே எடுத்தால் தாயின் செல்களும் கலந்துவிடலாம் என்பதால் சற்றுப் பொறுப்பார்கள். குச்சியைக் காற்றில் உலர்த்திக் காகித உறையில்தான் வைக்க வேண்டும். பிளாஸ்டிக் பையில் ஈரத்தோடு அடைத்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் டி.என்.ஏ.வைத் தின்றுவிடும். இரத்தத்திலும் செய்யலாம். நீதிமன்ற வழக்குகளில் இரத்தம் எடுப்பது வழக்கமாக இருந்துவருகிறது. வேர் இல்லாமல் வெட்டிய முடியில் இந்தச் சோதனையைச் செய்ய முடியாது.

வழக்குக்காகச் செய்யும்போது இன்னும் பல படிகள் உண்டு. யாருடைய மாதிரி என்பதற்கு அடையாள அட்டை, புகைப்படம், கைரேகை, கையொப்பம், சாட்சி எல்லாம் வேண்டும். உறைக்கு முத்திரை வைத்து, யார் கையிலிருந்து யார் கைக்கு எப்போது போனது என்று ஒவ்வொரு கட்டத்திலும் எழுதி வைப்பார்கள். இந்தப் பதிவில் ஓர் ஓட்டை விழுந்தால் அற்புதமான சோதனையும் நீதிமன்றத்தில் செல்லாக்காசு. தபாலில் வரும் பெட்டியை வாங்கி வீட்டிலேயே எடுத்து அனுப்பும் சோதனை எந்த வழக்கிலும் நிற்காததற்குக் காரணம் அறிவியல் தவறு அல்ல. அந்தக் குச்சியில் இருப்பது யாருடைய எச்சில் என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது என்பதுதான். தமிழ்நாட்டில் நீதிமன்றங்கள் அனுப்பும் மாதிரிகள் சென்னை மயிலாப்பூரில் இருக்கும் தடய அறிவியல் துறை போன்ற அரசு ஆய்வகங்களுக்குப் போகின்றன.

ஆய்வகத்துக்குள் நடப்பது மூன்று வேலைகள். முதலில் செல்களை உடைத்து டி.என்.ஏ.வைப் பிரித்தெடுப்பது. பிறகு, வேண்டிய இடங்களை மட்டும் நகலெடுத்துப் பெருக்குவது. கேரி முல்லிஸுக்கு 1993-இல் நோபல் பரிசு வாங்கித் தந்த பி.சி.ஆர். முறை இது. சூடாக்கி, குளிரவைத்து, மீண்டும் சூடாக்கும் ஒவ்வொரு சுற்றிலும் நகல்கள் இரட்டிக்கும். 28 சுற்று முடிந்தால் கணக்குப்படி ஒன்று 26 கோடிக்கும் மேலாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவு செல்களே போதும் என்பது இதனால்தான். இதன் மறுபக்கம், யாரோ ஒருவர் தும்மியதும் கோடிக்கணக்காகப் பெருகிவிடலாம் என்பது. நல்ல ஆய்வகங்கள் தங்கள் ஊழியர்களின் டி.என்.ஏ.வையே பதிவு செய்து வைத்து, அது எங்கேனும் தலைகாட்டுகிறதா என்று பார்க்கின்றன. மூன்றாவதாக, ஒளிரும் சாயம் ஏற்றிய அந்த நகல்களை முடியைப் போன்ற மெல்லிய கண்ணாடிக் குழாய்க்குள் மின்சாரத்தால் ஓடவிடுவார்கள். சிறிய துண்டு முதலில் வந்து சேரும், பெரியது பின்னால் வரும். கணினித் திரையில் ஒவ்வொரு துண்டும் ஒரு கூரிய முகடாகத் தெரியும். அந்த முகடுகளின் இடத்தை வைத்துத்தான் 6, 7, 9 என்ற எண்கள் எழுதப்படுகின்றன. கூடவே எக்ஸ், ஒய் குரோமோசோம்களில் 6 எழுத்து நீளம் வேறுபடும் ஓர் இடத்தையும் பார்ப்பார்கள். தாயின் உறையிலிருந்து ஆணின் மாதிரி வெளிவந்தால் உறைகள் மாறிவிட்டன என்று அங்கேயே தெரிந்துவிடும்.

அறிக்கை கையில் வந்ததும் எல்லோரும் முதலில் தேடுவது கடைசி வரியில் இருக்கும் சதவீதத்தை. அதைப் புரிந்துகொள்ளாமல் மகிழ்ந்தவர்களும் உண்டு, வீணாக மனம் உடைந்தவர்களும் உண்டு. அந்த எண் வரும் வழி இதுதான்.

மேலே சொன்ன உதாரணத்துக்கே வருவோம். குழந்தைக்கு 7 என்ற எண்ணைத் தந்தை தந்திருக்கிறார். சோதனைக்கு வந்தவருக்கு 7, 8. அவர் தந்தையாக இருந்தால் 7-ஐக் கொடுக்கும் வாய்ப்பு பாதி, அதாவது 0.5. அவர் தந்தை அல்ல, தெருவில் போகும் யாரோ ஒருவர் தந்தை என்றால்? அந்த மக்கள்தொகையில் 7 என்ற எண் 20 சதவீதம் இருப்பதாக வைத்துக்கொண்டால், அந்த யாரோ ஒருவர் 7-ஐக் கொடுக்கும் வாய்ப்பு 0.2. 0.5-ஐ 0.2-ஆல் வகுத்தால் 2.5. அதாவது இந்த ஓர் இடத்தின் சாட்சியம், "இவர்தான்" என்ற பக்கம் இரண்டரை மடங்கு கனமாக இருக்கிறது. அது மட்டும் பெரிய விஷயம் இல்லை. ஆனால் இப்படி 20 இடங்களிலும் இரண்டரை இரண்டரையாக வந்து, எல்லாவற்றையும் பெருக்கினால் ஏறக்குறைய 9 கோடி. 7 என்ற எண் அந்த மக்கள்தொகையில் 2 சதவீதம் மட்டும் இருக்கும் அரிய எண் என்றால் அந்த ஓர் இடமே 25 மடங்கு கனம் தந்துவிடும். எல்லா இடங்களையும் பெருக்கி வரும் தொகைக்குக் கூட்டுத் தந்தைமைக் குறியீடு என்று பெயர்.

அதைச் சதவீதமாக மாற்றும்போது ஓர் அனுமானம் சேர்க்கப்படுகிறது. சோதனைக்கு முன், அவர் தந்தையாக இருக்கவும் இல்லாமல் இருக்கவும் சம வாய்ப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். குறியீடு 9,999 என்றால் விடை 99.99 சதவீதம். 9 கோடி என்றால் 99.999998-ஐத் தாண்டிவிடும். நூறு என்று எந்த நேர்மையான ஆய்வகமும் எழுதாது. உலகத்து ஆண்கள் எல்லோரையும் சோதித்தால்தான் அப்படி எழுத முடியும். "99.99தானே, மீதி 0.01-இல் தப்பு இருக்கலாமே" என்று வழக்கறிஞர் வாதாடினால் அது வெறும் வாய்ப்பந்தல். மறுபக்கம், தந்தை இல்லை என்றால் அறிக்கை பூஜ்யம் என்று தெளிவாகச் சொல்லிவிடும். பல இடங்கள் பொருந்தாமல் போயிருக்கும்.

பல இடங்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரே ஓர் இடம் பொருந்தவில்லை என்பதால் ஒருவரைத் தந்தை இல்லை என்று தள்ளிவிடக் கூடாது. விந்தணுவோ கருமுட்டையோ உருவாகும்போது பெட்டிகளின் எண்ணிக்கையில் ஒன்று கூடவோ குறையவோ செய்யலாம். ஒரு தலைமுறையில் ஓரிடத்தில் இப்படி நடக்கும் வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று வரை, தந்தைவழியில் கூடுதல். இருபது இடங்களைப் பார்த்தால், உண்மையான தந்தை பிள்ளைகளிலேயே நூற்றுக்குச் சிலரிடம் ஓரிடம் பொருந்தாமல் போவது இயல்பு. அப்போது பொறுப்புள்ள ஆய்வகம் கூடுதல் இடங்களைச் சோதித்துவிட்டுத்தான் பேசும். உங்கள் அறிக்கையில் ஒன்றிரண்டு இடம் மட்டும் பொருந்தாமல் "தந்தை அல்ல" என்று எழுதியிருந்தால், கேள்வி கேளுங்கள்.

உறவுக்காரர்கள் இருவர்மேல் கேள்வி இருந்தால் அதையும் ஆய்வகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மேலே போட்ட கணக்கு, முன்பின் தெரியாத ஓர் ஆணோடு ஒப்பிட்டது. அண்ணன், தம்பி இருவரின் எண்கள் பாதிக்குமேல் ஒத்துப்போகும் என்பதால் கணக்கே வேறு. ஒரு கரு இரட்டையரை வழக்கமான சோதனையால் பிரிக்கவே முடியாது. எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டவரின் இரத்தத்தில் இருப்பது கொடையாளரின் டி.என்.ஏ.; கன்னத்துச் செல்களிலும் அது கலந்திருக்கும். இதை மறைத்தால் சோதனை தவறான விடையைத் தரும்.

மிக அரிதான ஒரு நிகழ்வையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஒரு தம்பதி கருத்தரிப்பு மருத்துவத்தின் உதவியால் பிள்ளை பெற்றார்கள். பெற்றோர் இருவரும் ஏ வகை. குழந்தை ஏபி வகை. மருத்துவமனையில் விந்து மாறிவிட்டது என்று நினைத்துச் சோதித்தால், கணவர் தந்தை இல்லை என்று அறிக்கை. விரிவான மரபணுச் சோதனை செய்தபோது இவர் குழந்தைக்குச் சித்தப்பாவோ பெரியப்பாவோ ஆக வேண்டும் என்று வந்தது. அப்படி ஒரு சகோதரர் பிறந்ததே இல்லை. தாயின் வயிற்றில் இவரோடு உருவான இன்னொரு கரு தொடக்கத்திலேயே இவருடைய உடலோடு கலந்துவிட்டிருந்தது. கன்னத்தில் ஒரு டி.என்.ஏ., விந்தணுக்களில் ஒரு பகுதியில் இன்னொரு டி.என்.ஏ. பிறக்காத சகோதரனின் டி.என்.ஏ.வே பிள்ளைக்குப் போயிருந்தது. 2015-இல் இது செய்தியாக வந்தது. இப்படி நடப்பது அபூர்வத்திலும் அபூர்வம். ஆனால், ஓர் ஆண் உறுதியோடு மறுக்கும்போதும் ஒரு பெண் கதறும்போதும் மறு சோதனைக்கு வழிவிட வேண்டும் என்பதற்கு இந்த ஒரு குடும்பம் போதும்.

தந்தை இறந்துவிட்டிருந்தாலும் வழி இருக்கிறது. மகன் என்றால், ஒய் குரோமோசோம் தாத்தா, அப்பா, சித்தப்பா, பெரியப்பா என்று ஆண் வழியில் ஏறக்குறைய மாறாமல் இறங்குவதால் அவர்களோடு ஒப்பிடலாம். ஒரே தந்தைக்குப் பிறந்த இரு பெண்களுக்குத் தந்தையின் எக்ஸ் குரோமோசோம் அப்படியே பொதுவாக இருக்கும். இந்தச் சுற்றுவழி அறிவியலை உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் அர்ஜென்டினாவின் பாட்டிமார். அங்கே 1976 முதல் 1983 வரை நடந்த இராணுவ ஆட்சியில் கர்ப்பிணிப் பெண்களைக் கடத்திச் சென்று, பிள்ளை பெற்றதும் கொன்றுவிட்டு, குழந்தைகளை வேறு குடும்பங்களுக்குக் கொடுத்துவிட்டார்கள். பெற்றோர் இருவரும் இல்லாத பிள்ளையை எப்படி அடையாளம் காண்பது? பியூனஸ் அயர்ஸின் மே சதுக்கத்தில் கூடிய பாட்டிமார் இந்தக் கேள்வியோடு அறிவியலாளர்களின் கதவைத் தட்டினார்கள். அமெரிக்க மரபியலாளர் மேரி கிளேர் கிங் அவர்களுக்கு உதவினார். 1987-இல் அந்த நாடு இதற்கென்றே ஒரு தேசிய மரபணுத் தகவல் வங்கியைத் தொடங்கியது. 130-க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகள் இதுவரை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறார்கள்.

நம் மொழி பேசும் மண்ணிலும் ஒரு நிகழ்வு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையின் கிழக்குக் கரையில் தனியாகக் கிடைத்த ஒரு கைக்குழந்தையைக் கல்முனை மருத்துவமனையில் சேர்த்தார்கள். அன்று சேர்க்கப்பட்ட 81-ஆவது நோயாளி என்பதால் உலகச் செய்தி நிறுவனங்கள் "பேபி 81" என்று பெயர் வைத்துவிட்டன. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் பலர் அந்த ஊரில் இருந்தார்கள். ஒரு தமிழ்த் தம்பதி தங்கள் குழந்தை என்று நீதிமன்றம் போனார்கள். பிறப்புச் சான்று, புகைப்படம் எல்லாம் வெள்ளத்தோடு போய்விட்ட நிலையில் நீதிபதி டி.என்.ஏ. சோதனைக்கு உத்தரவிட்டார். 2005 பிப்ரவரியில் விடை வந்தது. பிள்ளை அவர்களுடையதுதான். அந்தச் சோதனை செய்த நன்மையை எடை போட எந்தத் தராசும் போதாது.

இந்த இரண்டு இடங்களிலும் சோதனை பிள்ளையின் பக்கம் நின்றது. நம் ஊர்க் குடும்ப நீதிமன்றங்களுக்கு வரும் மனுக்கள் பலவற்றில் நிலைமை தலைகீழ். கணவன் மனைவிமீது நடத்தைக் குற்றம் சாட்டுகிறான். அதற்குச் சாட்சியாகக் குழந்தையின் எச்சில் கேட்கப்படுகிறது. இந்தியச் சட்டம் இந்த இடத்தில் மிகுந்த எச்சரிக்கையோடு நடந்துகொள்கிறது. அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். திருமணம் நிலைத்திருக்கும் காலத்திலோ, அது முறிந்து தாய் மறுமணம் செய்யாமல் இருக்கும் 280 நாட்களுக்குள்ளோ பிறந்த குழந்தை அந்தக் கணவனின் குழந்தை என்பதே சட்டத்தின் முடிவு. 1872-ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 112-ஆவது பிரிவாக இருந்த இது, 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய அதினியத்தில் 116-ஆவது பிரிவாகத் தொடர்கிறது. கருத்தரிக்கக்கூடிய காலத்தில் இருவரும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று காட்டினால்தான் அதை உடைக்கலாம்.

கேட்டவுடன் சோதனைக்கு உத்தரவிடக் கூடாது, யாரையும் இரத்தம் தரும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று 1993-இல் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியது. 2014-இல் வந்த ஒரு பராமரிப்பு வழக்கில், சோதனை முடிவே கையில் வந்துவிட்ட பிறகு அறிவியல் உண்மையைப் புறக்கணித்துவிட்டுச் சட்டத்தின் ஊகத்தைப் பிடித்துக்கொள்ள முடியாது என்றும் சொன்னது. 2023 தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போய், பெற்றோரின் மணமுறிவுச் சண்டையில் குழந்தையைக் கருவியாக்கக் கூடாது, குழந்தைக்கும் அந்தரங்க உரிமை உண்டு என்று நிறுவியது. ஒருவர் சோதனைக்கு மறுத்தால் அவருக்கு எதிராக ஊகம் கொள்ள நீதிமன்றத்துக்கு இடம் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது.

வளர்ந்த மகனே கேட்ட வழக்கும் உண்டு. உத்தரப் பிரதேச முன்னாள் முதல்வர் என்.டி. திவாரி தன் தந்தை என்று ரோஹித் சேகர் 2008-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். திவாரி நீண்ட காலம் இரத்தம் தர மறுத்தார். உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்ற பின் 2012 மே மாதம் மாதிரி எடுக்கப்பட்டது. ஹைதராபாத்தின் ஓர் ஆய்வகம் தந்த அறிக்கை ஜூலையில் திறக்கப்பட்டது; அவர்தான் தந்தை. இரண்டு ஆண்டுகள் கழித்து அவரே வெளிப்படையாக மகனை ஏற்றுக்கொண்டார். தன் பிறப்பைப் பற்றித் தெரிந்துகொள்ளும் உரிமை யாருக்கு முதலில் உண்டு என்பதற்கு இந்த வழக்கைவிடத் தெளிவான விடை எனக்குத் தெரியவில்லை.

பத்தில் ஒரு குழந்தை வேறொருவருடையது என்று ஒரு பேச்சு உலகம் முழுக்கச் சுற்றுகிறது. வாட்ஸ்அப்பில் அது மூன்றில் ஒன்றாகவும் வளர்ந்துவிடும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ட்டன் லார்முசோவும் அவருடைய குழுவும் பல நூற்றாண்டுக் குடும்பப் பதிவேடுகளை இன்றைய ஆண்களின் ஒய் குரோமோசோமோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, மேற்கு ஐரோப்பாவில் அப்படி நடந்தது தலைமுறைக்குச் சுமார் ஒரு சதவீதம்தான் என்று தெரிந்தது. ஆய்வகங்கள் காட்டும் பெரிய எண்ணிக்கை, முன்பே சந்தேகம் முற்றி அங்கே போனவர்களின் எண்ணிக்கை. அதை ஊர் முழுவதற்கும் பொருத்திப் பேசுவது பெண்கள்மீது போடும் அபாண்டம்.

சோதனை செய்யத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், அந்த ஆய்வகத்துக்கு ஐ.எஸ்.ஓ. 17025 தரத்தின்படி, ஆய்வகங்களை அங்கீகரிக்கும் என்.ஏ.பி.எல். வாரியத்தின் அங்கீகாரம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எத்தனை இடங்களைச் சோதிப்பார்கள், தாயையும் சேர்ப்பார்களா, பொருந்தாத முடிவு வந்தால் புது மாதிரி எடுத்து மறுபடி செய்வார்களா என்று கேளுங்கள். தூங்கும் பிள்ளையின் வாயில் யாருக்கும் தெரியாமல் குச்சியை விடாதீர்கள். பிரிட்டனில் ஒருவரின் ஒப்புதல் இல்லாமல் அவருடைய டி.என்.ஏ.வைச் சோதிக்க எடுத்து வைப்பது குற்றம். பிரான்சில் நீதிமன்ற உத்தரவு இல்லாமல் தந்தைமைச் சோதனை செய்வதே குற்றம். கொடையாளரின் விந்தணுவால் பிறந்த பிள்ளை என்றால் சோதனை "இல்லை" என்றுதான் சொல்லும். ஆனால் 2021-ஆம் ஆண்டு இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டப்படி அந்தப் பிள்ளை அந்தத் தம்பதியின் சொந்தப் பிள்ளையே. அந்த உரிமையை எந்த முகடும் எண்ணும் பறிக்காது.

இந்தக் கேள்வியை யாருக்காகக் கேட்கிறோம் என்று சோதனைக்குப் போகும் முன் யோசித்துப் பாருங்கள். பிள்ளைக்குப் பராமரிப்போ சொத்துரிமையோ வர வேண்டும், தொலைந்த பிள்ளையைச் சேர்க்க வேண்டும், மருத்துவமனையில் குழந்தை மாறிய ஐயம் தீர வேண்டும் என்றால் தயங்காமல், முறைப்படி செய்யுங்கள். மனைவியைத் தோற்கடிக்க ஓர் ஆயுதம் வேண்டும் என்பதற்காக என்றால் செய்யாதீர்கள். அந்தப் பிள்ளை வளரட்டும். தெரிந்துகொள்ள விரும்பினால் அதுவே வந்து கேட்கும். அன்றைக்கும் இந்தச் சோதனை இருக்கும்.